கைப்பேசி இல்லாத பள்ளி: தடை எவர் மீது?

2023 ஆகஸ்ட் இறுதியில் ஆந்திரப் பிரதேச அரசின் பள்ளிக் கல்வித் துறை ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. ஆசிரியர்களும் அதை வகுப்பறைக்குள் எடுத்துச் செல்லக் கூடாது, தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டே வகுப்புக்குப் போக வேண்டும் என்றது அந்த உத்தரவு. யுனெஸ்கோ அந்த ஆண்டு வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால், அதே அரசு அதற்கு முந்தைய ஆண்டில் செய்தவற்றையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் விவகாரத்தின் முழு உருவம் தெரியும்.

2022 ஆகஸ்டில், முகத்தைப் படம்பிடித்து வருகையைப் பதிவு செய்யும் செயலியை ஆசிரியர்கள் தமது சொந்தக் கைப்பேசியில், சொந்தக் காசில் டேட்டா போட்டு இயக்க வேண்டும் என்று அந்த அரசு வற்புறுத்தியது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்துப் போராடின. மதிய உணவையும் பள்ளிக் கழிப்பறையையும் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் வேலையும் பள்ளிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜூனில் பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில், முதலமைச்சரின் பிறந்த நாளன்று, அந்நிறுவனத்தின் பாடங்கள் ஏற்றப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வழங்கப்பட்டன. திரையின் தீமையை யுனெஸ்கோ வழியாக அறிந்துகொண்ட பிறகும், 2023 டிசம்பரில், அடுத்த தவணை டேப்கள் போய்ச் சேர்ந்தன.

கழிப்பறையைப் படமெடுக்கும்போது கைப்பேசி நிர்வாகக் கருவி. தனியார் நிறுவனத்தின் பாடம் ஓடும்போது திரை கல்விப் புரட்சி. மாணவனின் பையில் இருக்கும்போது மட்டும் அது ஒழுங்கீனம்! இந்தக் கோணல் ஆந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. கட்சிகள் மாறினாலும் மாநிலங்கள் மாறினாலும், இந்தியப் பள்ளிகளில் கைப்பேசித் தடை என்று இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. தடையின் கரம் மேல்நோக்கி நீளுவதே இல்லை. அது குனிந்து, புத்தகப் பையையும் ஆசிரியரின் சட்டைப்பையையும் துழாவுகிறது.

பள்ளி நேரத்தில் கைப்பேசி கூடாது என்பதில் இடதுசாரி இயக்கத்துக்கு இரண்டு கருத்து இருக்க வேண்டிய தேவையில்லை. கூடாது. ஆனால் அந்தத் தடை எவரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் ஆட்சியாளர்களின் கருத்துக்கும் உழைக்கும் மக்களின் கருத்துக்கும் இடையே இருப்பது சிறு வேறுபாடன்று.

முதலில் தடையின் தேவையைப் பார்க்கலாம். முற்போக்கு வட்டாரங்களிலேயே இதைப் பழமைவாதிகளின் புலம்பல் என்று ஒதுக்கித் தள்ளும் போக்கு காணப்படுகிறது. சினிமா வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள், தொலைக்காட்சி வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள் என்பது அவர்களது வாதம். சினிமாக் கொட்டகை வகுப்பறைக்குள் வந்து, கணக்குப் பாடத்தின் நடுவே மாணவனின் தோளைத் தட்டி அழைத்ததில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஓர் அறிவிப்பு ஒலியால் கலைந்த கவனம் மீண்டும் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று அந்த யுனெஸ்கோ அறிக்கை கூறுகிறது. பெல்ஜியம், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் பள்ளிகளில் கைப்பேசி அகற்றப்பட்டபோது கற்றல் மேம்பட்டதாகவும், படிப்பில் பின்தங்கிய மாணவர்களே அதனால் கூடுதலாகப் பயனடைந்ததாகவும் அதே அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. இந்தியாவிலேயே 10 உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 17,000 மாணவர்களிடையே நடத்தப்பட்டு, 2025-இல் வெளிவந்த ஆய்வும் இதையே உறுதி செய்கிறது: வகுப்பு தொடங்கும்முன் கைப்பேசியை வாங்கி வைத்த இடங்களில் மதிப்பெண் உயர்ந்தது, உயர்வு அதிகம் தென்பட்டது முன்பு பின்தங்கியிருந்தவர்களிடமும் முதலாண்டு மாணவர்களிடமும்தான்.

யார் இந்தப் பின்தங்கியவர்கள்? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள், டியூஷனுக்குக் காசில்லாதவர்கள், தந்தை கட்டட வேலைக்கும் தாய் வீட்டு வேலைக்கும் போய்விட, தாமாகப் புறப்பட்டுப் பள்ளிக்கு வருபவர்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இழந்த ஒரு மணி நேரத்தை மாலையில் விலைக்கு வாங்கிக்கொள்ளும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் போனால் போனதுதான். வகுப்பறையின் கவனம் சிதறும்போது ஏற்படும் நட்டத்திலும் வர்க்கம் இருக்கிறது.

மறுப்பான ஆய்வு இல்லாமல் இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 30 பள்ளிகளை ஒப்பிட்டு 2025-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளித் தடை மட்டுமே மாணவர்களின் மனநலத்தை உயர்த்திவிடவில்லை என்றது. அதிக நேரம் கைப்பேசியில் கழிப்பதற்கும் மனநலக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆக, வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே நிறுவனங்களை அவிழ்த்துவிட்டால் பயன் குறைவு என்பதே அதிலிருந்து பெறப்படுவது. அது தடைக்கு எதிரான சான்று ஆகாது. தடை போதாது என்பதற்கான சான்று.

வேலை நாளும் பள்ளி நாளும்

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் 9 முதல் 13 வயது வரையிலான குழந்தைகளின் வேலையை வாரத்துக்கு 48 மணி நேரமாகக் குறைத்தது; நாள்தோறும் 2 மணி நேரம் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்றது. ஆலை அதிபர்கள் கொதித்தெழுந்தார்கள். வேலை நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நிகர லாபம் பிறக்கிறது, அதை வெட்டினால் தொழிலே அழியும் என்று நாசோ சீனியர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1837-இல் அவர்களுக்காகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எப்படிக் கிழித்துத் தொங்கவிட்டார் என்பதைக் கட்சி வகுப்புகளில் பயின்ற தோழர்கள் அறிவார்கள். குழந்தையின் நாளில் மூலதனம் நுழையக் கூடாத ஒரு பகுதி உண்டு என்று சட்டத்தால் வரப்பு கட்டியதுதான் அந்தப் போராட்டத்தின் வெற்றி.

இன்று குழந்தையின் உடலுழைப்புக்குப் பதிலாக அதன் கவனம் சந்தைச் சரக்காகியுள்ளது. மெட்டா, கூகுள் போன்ற நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. கண் எவ்வளவு நேரம் திரையில் நிலைக்கிறதோ அவ்வளவு விளம்பரம் விற்கும். ஆகவே கண்ணை அகலவிடாமல் பிடித்துவைப்பதற்கென்றே பொறியாளர்கள் ஊதியம் பெறுகிறார்கள். இன்ஸ்டகிராம் பதின்பருவச் சிறுமியர் பலருக்குத் தம் உடல் குறித்த தாழ்வுணர்வை மோசமாக்குகிறது என்று மெட்டா நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டறிந்திருந்தது. 2021-இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் உலகம் அதை அறிந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. இந்தியாவில்? உலகிலேயே மிக அதிகமான வாட்ஸ்அப் பயனாளர்களைக் கொண்ட இந்த நாட்டில், பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கும் தலைமையாசிரியர் உண்டு. நிறுவனத்தின் கையைப் பிடிக்கும் அரசு இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுப்பதாகச் சொல்கிறது. அதன் விதிகள் வெளிவரவே 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாதங்கள் நிறுவனங்களுக்கு அவகாசம் தரப்பட்டது. ஆந்திரத்து ஆசிரியர்களுக்குக் கைப்பேசியை ஒப்படைக்க இப்படி 18 மாத அவகாசம் தரப்பட்டதா என்ன?

ஆகவே பள்ளி நேரத்தில் கைப்பேசி வேண்டாம் என்ற கோரிக்கையை எட்டு மணி நேர வேலை நாள் கோரிக்கையின் வரிசையில் வைப்பதே பொருத்தம். காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை அந்தக் குழந்தை எந்த நிறுவனத்துக்கும் ‘பயனாளர்’ அல்ல. இந்த வரப்பை ஒழுக்கக் காவலர்களிடம் விட்டுவிட்டால் அவர்கள் அதை வேறொன்றாக்கிவிடுவார்கள்.

ஏழையின் கணினி என்ற வாதம்

தடைக்கு எதிராக எழும் வாதங்களில் இடதுசாரிகளின் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. கணினி வாங்க முடியாத வீட்டில் கைப்பேசிதான் கணினி, நூலகம், ஆய்வகம் எல்லாம். அதைப் பறிப்பது ஏழைப் பிள்ளையை இருட்டில் தள்ளுவதாகாதா?

இந்த வாதத்துக்கு வயது அதிகமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அது பிறந்தது. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி இருந்த வீடுகள் 24 விழுக்காடு மட்டுமே. கிராமப்புறத்தில் 15 விழுக்காடு. இது ஒன்றிய அரசின் சொந்தக் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டே, 2020 மே மாதத்தில் ‘பிஎம் இ-வித்யா’ என்று நிதியமைச்சர் அறிவித்தார். ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கை இணையவழிக் கல்விக்குத் தனி அத்தியாயம் எழுதியது. கைப்பேசி வாங்கக் கடன்பட்ட குடும்பங்கள் எத்தனை! அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசிக்காகக் காத்திருக்க, இறுதியில் அண்ணன் படித்து, தங்கை அடுப்படிக்குப் போன வீடுகள் எத்தனை!

அப்படி வாங்கிய கைப்பேசி கல்வியைத் தந்ததா? பொருளாதார அறிஞர் ஜீன் டிரீஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களின் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு விடை சொல்கிறது. இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் கிராமங்களில் 8 விழுக்காடு, நகரங்களில் 24 விழுக்காடு. கிராமத்துக் குழந்தைகளில் 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை. ஸ்மார்ட்போன் இல்லாததால்தானே என்று கேட்கலாம். ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளிலும் முறையாக இணையத்தில் படித்தவர்கள் கிராமத்தில் 15 விழுக்காடு, நகரத்தில் 31 விழுக்காடுதான். கருவி வந்தது, கல்வி வரவில்லை.

பெருந்தொற்று போயிற்று. கருவி தங்கிவிட்டது. 2024-ஆம் ஆண்டின் ஏசர் கணக்கெடுப்பு கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளைக் கேட்டது. முந்தைய வாரத்தில் ஸ்மார்ட்போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 76 விழுக்காடு. கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் சொந்தமாக வைத்திருப்போர் ஆண் பிள்ளைகளில் 36 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 27 விழுக்காடு. கைப்பேசி வழியே கல்வி என்று சொன்னால், வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பாகுபாட்டைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவதென்று பொருள்.

ஏழைப் பிள்ளைக்குக் கணினி வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்பதே கேள்வி. பள்ளியில் இருக்க வேண்டும். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25-ஆம் ஆண்டு யுடைஸ் தரவுகளின்படி, நாட்டின் பள்ளிகளில் கணினி உள்ளவை 64.7 விழுக்காடு, இணைய இணைப்பு உள்ளவை 63.5 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில் கணினியே இல்லை. ஓராசிரியர் பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயிலும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். 2014-15 முதல் 2023-24 வரையிலான காலத்தில் அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை 89,000-க்கும் மேல் குறைந்துவிட்டது. ஆசிரியரை நியமிக்காத அரசு, கணினி வாங்கித் தராத அரசு, பள்ளியையே இழுத்து மூடும் அரசு, அந்த வெற்றிடத்தைக் கூலித் தொழிலாளி ரீசார்ஜ் செய்யும் கைப்பேசியால் நிரப்பிக்கொள்கிறது. 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றியபோது, வீட்டுப்பாடத்தின் விலையும் கூடியது. இதைக் கட்டணமில்லாக் கல்வி என்றழைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பதை நீதிமன்றங்கள் ஒரு நாள் பார்க்கட்டும்.

ஏழையின் கணினி என்ற முழக்கத்தின் பின்னால் நின்ற வணிகத்தையும் மறக்கலாகாது. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக், பின்தங்கிய 112 மாவட்டங்களின் குழந்தைகளுக்காக பைஜூஸுடன் கைகோத்தது. 2022-இல் அந்நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், குழந்தைகளின் தொலைபேசி எண்களை வாங்கிப் பெற்றோரைத் துரத்துவதாக எழுந்த புகாரின் பேரில் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை நிர்வாகிக்கு அழைப்பாணை அனுப்பியது, நிறுவனம் மறுத்தது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அரசு தானே நடத்தும் ‘தீக்ஷா’ மேடையாவது மேலானதா? குழந்தைகளின் துல்லியமான இருப்பிடத் தரவைத் திரட்டும் திறன் அந்தச் செயலிக்கு இருந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதத்தில் அம்பலப்படுத்தியது. லட்சக்கணக்கான ஆசிரியர்களின், மாணவர்களின் விவரங்கள் பாதுகாப்பின்றி இணையத்தில் திறந்து கிடந்த செய்தி 2023 ஜனவரியில் வெளிவந்தது.

ஆசிரியரின் சட்டைப்பை

2024 மே மாதத்தில் ராஜஸ்தான் பாஜக அரசின் கல்வி அமைச்சர், ஆசிரியர்கள் பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தார். பள்ளி முதல்வர் மட்டுமே வைத்திருக்கலாமாம். ஆசிரியர்கள் நாள் முழுதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பார்க்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்க்க வைத்தது யார்?

வருகைப்பதிவுக்கு ஒரு செயலி, உணவுக்கு ஒரு செயலி, பயிற்சிக்கு ஒரு செயலி; அதிகாரியின் வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே அனுப்பவும்’ என்று வரும் படிவம். பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்று பதில் சொன்ன ஆசிரியருக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை! கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. செயலிகள் அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் செல்லாக்காசாக்கிவிட்டன. ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் பாடத்தை விட்டு வெளியே இழுக்கப்பட்டுவிட்டார். சட்டம் விலக்களித்த தேர்தல் பணியிலும் இதே கதைதான். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக்கப்பட்ட ஆசிரியர்கள், படிவங்களைச் செயலியில் ஏற்றி முடிக்க இரவு பகலாக அலைந்தார்கள்.

இது ஆசிரியர்களின் தனித் துயரமும் அன்று. மகாராஷ்டிரத்தில் 2021 ஆகஸ்டில் அங்கன்வாடி ஊழியர்கள், ‘போஷன் டிராக்கர்’ செயலியைத் தாங்காத பழுதான கைப்பேசிகளை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளியின் கூலி, இருவேளை படமெடுத்து ஏற்றும் செயலியின் தயவில் விடப்பட்டது. உழைப்பவர் மீது அவநம்பிக்கை, கருவியின் மீது முழு நம்பிக்கை என்ற இந்த நிர்வாக முறைதான் கைப்பேசியைப் பள்ளி நாளின் நடுவில் நட்டுவைத்தது. அதைப் பிடுங்காமல் ஆசிரியரின் சட்டைப்பையைத் தடவுவது கண்துடைப்பு.

கட்டுப்பாட்டின் பெயரால்

தடையைப் பிற்போக்குச் சக்திகள் எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சாதியின் பெரியவர்கள் 12 கிராமங்களுக்குக் கூடி, திருமணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று விதித்தார்கள். ஆண்களுக்கு அந்த விதி இல்லை. அவர்களுக்குப் பெண்ணின் கல்வியில் அக்கறையா? சாதி கடந்த காதலைத் தடுப்பதில் அக்கறை. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மாலை நேரத்தில் கைப்பேசி கூடாதென்ற விடுதி விதியை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. அந்தத் தீர்ப்பை வரவேற்பதும் பள்ளி நேரத்தில் கைப்பேசி கூடாதென்பதும் முரண்பட்டவை அல்ல. வயது வந்த பெண்ணின் மாலை நேரம் அவளுடையது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கணக்குப் பாட நேரம் விளம்பர நிறுவனத்துடையதன்று. இரண்டிலும் காக்கப்படுவது அவர்களின் உரிமைதான்.

தடையை நிறைவேற்றும் முறையிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2024 ஆகஸ்டில், ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் கைப்பேசியைத் தேடுவதாகச் சொல்லி மாணவிகளின் ஆடையைக் களையச் செய்து சோதித்ததாகப் புகார் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையை மட்டுமன்றி மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கைப்பேசியை உடைப்பது, அபராதம் வசூலிப்பது, வரிசையில் நிறுத்தி அவமானப்படுத்துவது ஆகியவற்றுக்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்ட முடியாது.

தில்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரி 28 அன்று ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவரின் வழக்கில் அளித்த தீர்ப்பு, முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு உகந்ததும் அன்று என்றது. கைப்பேசியைக் கொண்டுவரலாம், பள்ளியில் ஒப்படைத்து மாலையில் திரும்பப் பெறலாம், வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் வழிகாட்டுதல். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவியின் பாதுகாப்பை எண்ணினால் இது நியாயமானது. ஆனால் ஒப்படைக்கும் கைப்பேசியை எங்கே வைப்பது? பூட்டும் அலமாரி உள்ள தலைமையாசிரியர் அறை எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? காணாமற்போனால் பொறுப்பு யாருடையது? தீர்ப்பு அதைப் பள்ளிகளிடம் விட்டது; அரசுகள் அதற்கென்று நிதி ஒதுக்க முன்வரவில்லை.

கேட்க வேண்டியவை

சீனக் கல்வி அமைச்சகம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிப்பு இங்கே கவனத்துக்குரியது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. தேவையிருந்தால் பெற்றோர் எழுத்தில் கேட்டு, பள்ளி அதை வாங்கி வைக்க வேண்டும் என்பதுடன் அது நிற்கவில்லை. ஆசிரியர்கள் கைப்பேசி வழியாக வீட்டுப்பாடம் தரக் கூடாது, கைப்பேசியில் செய்யச் சொல்லவும் கூடாது என்றது. பிள்ளைகள் பெற்றோருடன் பேசுவதற்குப் பொதுத் தொலைபேசி போன்ற வசதியைப் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. தடை, மாற்று வசதி, அமைப்பின் மீதான கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒரே அறிவிப்பில் இருந்தன. இந்தியச் சுற்றறிக்கைகளில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசின் பொதுக்கல்வித் துறை, 2024 நவம்பரில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பாடக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. குழந்தை உரிமைகள் ஆணையத்தின் தலையீட்டை ஒட்டி எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. பெருந்தொற்றின்போது தொலைக்காட்சி வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளை நடத்தி, கைப்பேசி இல்லாத பிள்ளையையும் எட்ட முயன்ற மாநிலம் அது. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிய மாநிலமும் அதுவே. அங்கேயே வாட்ஸ்அப் குறிப்புகள் வேரூன்றியிருந்தன என்றால், பிற மாநிலங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

எனவே தடையை வரவேற்கும் அதே மூச்சில் இடதுசாரி இயக்கம் அரசிடம் சில நிபந்தனைகளை வைக்க வேண்டும். வீட்டுப்பாடமும் அறிவிப்பும் கட்டணமும் கைப்பேசி வழியாக வருவதை நிறுத்துவது முதல் நிபந்தனை. பலகையும் குறிப்பேடும் இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. பள்ளி நேரத்தில் ஆசிரியரிடமிருந்து எந்தச் செயலிப் பதிவையும் அதிகாரிகள் கேட்கக் கூடாது. அந்த வேலைக்கு அலுவலக ஊழியரை நியமிக்க வேண்டும், அவருக்கு அரசே கணினி தர வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் அழைத்தால் எடுக்க ஆள் இருக்கிற ஒரு தொலைபேசி வேண்டும். காது கேளாத, பார்வையற்ற மாணவர்களுக்கும், இரத்தச் சர்க்கரை அளவைக் கைப்பேசியில் பார்த்தாக வேண்டிய பிள்ளைக்கும் தடையிலிருந்து விலக்கு சலுகையாகவன்றி உரிமையாக எழுதப்பட வேண்டும். தனியார் கல்விச் செயலிகளுடன் மாநில அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் சட்டமன்றங்களின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவற்றை மேலிருந்து வரும்வரை காத்திருந்து பெற வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் 2022 ஆகஸ்டில் ஒரு முடிவெடுத்தது. மாலை 7 மணிக்கு ஊர்க் கோவிலில் சங்கு ஒலிக்கும், ஒன்றரை மணி நேரம் எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும், பிள்ளைகள் படிப்பார்கள். அதிகாரியின் உத்தரவில்லை, பை சோதனையில்லை. ஊர்ப் பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள். அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். விதி குழந்தைக்கு மட்டும் இல்லாமல் பெரியவருக்கும் சேர்ந்தே இருந்ததால் அது நின்றது.

பள்ளிக்குள் அத்தகைய முடிவை எடுக்கச் சட்டமே ஓர் அமைப்பைத் தந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடம் உண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பும் அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கே தரப்பட்டுள்ளது. பல மாநிலங்களில் அது வருகைப்பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிக் கிடக்கிறது. மும்பையிலோ பெங்களூருவிலோ தில்லியிலோ தோழர்கள் குடியிருக்கும் பகுதியின் அரசுப் பள்ளியில், வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தை நிறுத்தும் தீர்மானமும், பூட்டுள்ள அலமாரிக்கும் தொலைபேசிக்கும் நிதி கேட்கும் தீர்மானமும் அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே வைக்கப்படலாம். அங்கே பெற்றோராக உட்கார்ந்திருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும் சங்கத்தின் உறுப்பினர்களாக ஏற்கெனவே இருக்கக்கூடும்.